கைத்தொலைபேசிக் கதிர்ப்பும் உடல்நலமும்: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

போர் முடியும்வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிச் சேவை இருக்கவில்லை. மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில்தான் ஏ-9 வீதியோரமாகவும், பின்னர் ஒட்டுசுட்டான், மல்லாவி, புதுக்குடியிருப்பு என உட்பகுதிகளிலும் கோபுரங்கள் எழுந்தன. நிரந்தர வீடு கிடைப்பதற்கு முன்னரே கைக்குப் போன் வந்துவிட்ட குடும்பங்கள் பல உண்டு. இவ்வளவு விரைவாக வாழ்க்கைக்குள் நுழைந்த ஒரு பொருளைப் பற்றி ஐயங்கள் எழுவது இயல்பே. ஊரில் கோபுரம் அமைக்க இடம் பார்க்கிறார்கள் என்ற கதை பரவியவுடன், கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் எழும் முதற்கேள்வி "இதனால் புற்றுநோய் வருமா?" என்பதாகவே இருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். என் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். நாம் அஞ்சுவது தூரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு. ஆனால் நம் உடலுக்குள் செல்லும் வானொலி அலைகளில் மிகப் பெரும்பங்கைத் தருவது காதோடு அழுத்திப் பிடித்திருக்கும் போன்தான். சிக்னல் குறைந்த வன்னிக் கிராமங்களில் இந்த வேறுபாடு நகரங்களைவிடப் பெரியது. ஆகவே கவனத்தைக் கோபுரத்திலிருந்து கைக்குத் திருப்பினால், செலவு எதுவுமின்றிச் செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

முதலாம் படி: எந்தக் கதிர்ப்பு என்பதைப் பிரித்தறியுங்கள்

கதிர்ப்பு என்றவுடன் எக்ஸ்கதிரும் அணுகுண்டும் நினைவுக்கு வருகின்றன. அவை அயனாக்கும் கதிர்ப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் ஒவ்வொரு போட்டனும், அதாவது சக்தியின் ஒவ்வொரு சிறு பொதியும், ஓர் அணுவிலிருந்து இலத்திரனை அகற்றிவிடும் அளவுக்குச் சக்தி உடையது என்பதால், கலத்தினுள் உள்ள டிஎன்ஏ நேரடியாகச் சேதமடையலாம். அந்தச் சேதம் சரிவரத் திருத்தப்படாதபோது புற்றுநோய் தோன்றலாம். இவ்வாறு இலத்திரனை அகற்றுவதற்கு ஏறத்தாழ 10 இலத்திரன்வோல்ற்று (மிக நுண்ணிய சக்தியை அளக்கும் அலகு) அளவான சக்தி தேவை.

கைத்தொலைபேசிகள் பயன்படுத்தும் மீடிறன்கள் பெரும்பாலும் 700 முதல் 2600 மெகாஹேர்ட்ஸ் வரையானவை. 5ஜி சேவைக்குப் பல நாடுகளில் 3500 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைகளும் சேர்ந்துள்ளன. 2000 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு போட்டனுக்குள்ள சக்தி 0.000008 இலத்திரன்வோல்ற்று மட்டுமே, அதாவது அயனாக்கத்துக்கு வேண்டியதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. வயலில் நாள் முழுவதும் நம்மீது படும் சூரிய ஒளியின் போட்டன்கூட இதைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தி கொண்டது. போட்டன்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வெப்பம் கூடுமேயன்றி, ஒவ்வொன்றின் சக்தியும் கூடிவிடாது. 5ஜி என்ற பெயரைக் கேட்டுக் கலக்கம் அடைபவர்கள் இந்த ஒரு விடயத்தை மனத்தில் வைத்தால் போதும்: தலைமுறை எண் மாறினாலும் அலை அயனாக்காத வகையிலேயே இருக்கிறது.

அப்படியானால் இந்த அலைகள் உடலில் எதுவுமே செய்வதில்லையா? செய்கின்றன. இழையத்திலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து, அதைச் சற்றுச் சூடாக்குகின்றன. ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒரே விளைவு இதுதான். நுண்ணலை அடுப்பும் இதே குடும்பத்து அலைகளைக் கொண்டே சமைக்கிறது; ஆனால் அதன் வலு 700 முதல் 1000 வாட் வரையானது, அதுவும் மூடிய உலோகப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது. போனின் சராசரி வெளியீடோ கால் வாட்டைத் தாண்டுவதில்லை. அந்த வலுவினால் மூளை இழையத்தில் ஏற்படக்கூடிய வெப்ப உயர்வு 0.1 பாகை செல்சியஸ் அளவிலேயே மதிப்பிடப்படுகிறது. நீண்ட நேரம் பேசிய பின் காது சுடுவது பலருக்கு அச்சத்தைத் தருகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதி பற்றரியிலிருந்தும், காதுமடலைக் காற்றுப் படாமல் மூடிவைத்திருப்பதிலிருந்தும் வருவது.

இரண்டாம் படி: உங்கள் போனின் அளவைப் பாருங்கள்

உடல் உறிஞ்சும் வானொலிச் சக்தியைத் தன் உறிஞ்சல் வீதம் என்ற அளவால் குறிக்கிறார்கள். கடைக்காரர்கள் சுருக்கமாகச் "சார்" என்பார்கள். ஒரு கிலோகிராம் இழையம் எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதே அதன் பொருள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தலைக்கான எல்லை, ஒரு கிராம் இழையத்தின் சராசரியாகக் கிலோகிராமுக்கு 1.6 வாட். ஐரோப்பாவும் அயனாக்காக் கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவும் 10 கிராம் இழையத்தின் சராசரியாக 2 வாட் என்பதைக் கொள்கின்றன. முழு உடலுக்குமான எல்லை 0.08 வாட். உடல் வெப்பநிலை ஒரு பாகை உயரத் தேவையான 4 வாட்டை 50 ஆல் வகுத்து அந்த எல்லையை வகுத்திருக்கிறார்கள்.

பல போன்களில் *#07# என அழுத்தினால் இந்த எண் திரையில் தோன்றும். தோன்றாவிட்டால் அமைப்புகளில் சட்ட விபரங்கள் என்ற பகுதியிலோ, பெட்டியிலுள்ள சிறு கையேட்டிலோ இருக்கும். இரண்டு போன்களின் எண்களை ஒப்பிட்டு 0.6 உள்ளது 1.2 உள்ளதைவிட இருமடங்கு பாதுகாப்பானது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த எண், போன் தன் முழு வலுவில் இயங்கும்போது ஆய்வுகூடத்தில் பெறப்பட்ட உச்ச அளவு. நடைமுறையில் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் பேசும் 1.2 போன், காட்டோரத்தில் திணறும் 0.6 போனைவிட மிகக் குறைவாகவே வெளியிடும்.

பெயரற்ற மலிவுப் போன்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வாங்குமுன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை, ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 1909 இற்குக் குறுந்தகவலாக அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு வந்ததா என்பது தெரியவரும். அனுமதியற்ற போனின் பெட்டியில் அச்சிடப்பட்ட எந்த எண்ணையும் நம்புவதற்கு ஆதாரம் இல்லை. அதைவிட, அதன் சார்ஜரும் பற்றரியும் தரும் ஆபத்து அதன் அலைகள் தருவதைவிட உடனடியானது.

மூன்றாம் படி: ஆய்வுகளை நிதானமாக வாசியுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2011 மே மாதத்தில் வானொலி அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு மட்டுப்பட்ட சான்று இருக்கிறது, தற்செயலையும் ஆய்வுக் குறைபாட்டையும் விலக்கிவிட முடியவில்லை என்பதே அந்தப் பிரிவின் பொருள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் "உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது" என்று எழுதுவது இதைத்தான். ஆசிய முறையில் ஊறவைத்த மரக்கறிகளும் அதே பிரிவில் இருக்கின்றன. பாக்கும், புகையிலை சேர்த்தோ சேர்க்காமலோ போடும் வெற்றிலையும் இருப்பது முதலாம் பிரிவில், அதாவது மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதிப்பட்டவை என்ற வரிசையில். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே பேரனின் போனைப் பிடுங்கி வைக்கும் அம்மம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அந்தந்த வீட்டாரின் சாமர்த்தியம்.

மனிதரில் நடந்த பெரிய ஆய்வுகளுள் முதலில் அறிய வேண்டியது 13 நாடுகள் சேர்ந்து நடத்தி 2010 இல் வெளியிட்ட இன்ரபோன் ஆய்வு. மூளைக் கட்டி வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் அவர்களின் போன் பழக்கத்தைக் கேட்டு ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்க்கையில் கூடுதல் ஆபத்துத் தென்படவில்லை. வாழ்நாளில் 1640 மணித்தியாலங்களுக்கு மேல் பேசியதாகச் சொன்ன பத்திலொரு பங்கினரிடம் மட்டும் குளையோமா எனப்படும் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தென்பட்டது. இந்த எண்தான் 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பெரிதும் வழிசெய்தது. 10 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 நிமிடம் ஆகிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளைகளோடு பேசும் நம் வீடுகளில் அது சாதாரணம் என்பதால், இந்த எண் பலரைப் பயமுறுத்தும்.

ஆனால் அதை எடுத்தாளும்போது மூன்று விடயங்களைக் கூடவே சொல்ல வேண்டும். மூளைக் கட்டி வந்தவர் "நான் எவ்வளவு பேசினேன்" என நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். அடுத்து, அக்காலப் போன்கள் இன்றையவற்றைவிடக் கூடுதல் வலுவில் இயங்கின. மூன்றாவதாக, அது காதில் வைத்துப் பேசிய கணக்கு. இன்று நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்துப் பேசும் காணொளி அழைப்பு, அதில் தலைக்குச் சேரும் அளவு மிகச் சிறியது.

நினைவை நம்பாமல், ஆட்களை முன்கூட்டியே சேர்த்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உள்ளன. டென்மார்க்கில் 3,58,403 சந்தாதாரர்களைத் தொடர்ந்து 2011 இல் வெளிவந்த முடிவும், பிரித்தானியாவில் 7,76,156 பெண்களைத் தொடர்ந்து 2022 இல் வெளிவந்த முடிவும், பல ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை இலட்சம் பேரைத் தொடர்ந்து 2024 இல் வெளிவந்த கொஸ்மொஸ் ஆய்வும் மூளைக் கட்டி கூடியதாகக் காட்டவில்லை. 10 முதல் 24 வயதுவரையானவர்களை 14 நாடுகளில் ஆராய்ந்த மொபிகிட்ஸ் ஆய்விலும் போனே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1994 முதல் 2022 வரையான 63 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2024 இல் வெளிவந்த மீளாய்வும் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. நோர்டிக் நாடுகளில் போன் பரவிய வேகத்தோடு குளையோமாவின் வீதமும் ஏறியிருந்தால், அவர்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் அது இதற்குள் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஏற்றம் இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க தேசிய நச்சியல் நிகழ்ச்சித்திட்டம் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், கருவிலிருந்து இரண்டு ஆண்டுகள்வரை, நாளில் 9 மணித்தியாலம் முழு உடலிலும் அலைபட்ட ஆண் எலிகளின் இதயத்தில் ஷுவானோமா எனப்படும் அரிய நரம்புறைக் கட்டி தோன்றியது. அந்த எலிகள் பெற்ற அளவு கிலோகிராமுக்கு 6 வாட் வரை சென்றது, அதாவது மனிதருக்கான முழு உடல் எல்லையைப்போல் 75 மடங்கு. பெண் எலிகளில் அத்தகைய தெளிவான விளைவு இல்லை. அலைபட்ட ஆண் எலிகள் அலைபடாதவற்றைவிட நீண்ட காலம் உயிர்வாழ்ந்தன என்பதும் விளக்கம் வேண்டி நிற்கும் புதிர். ஆயினும் 2025 இல் வெளிவந்த விலங்காய்வுகளின் மீளாய்வு, ஆண் எலிகளில் இத்தகைய கட்டிகள் பற்றிய சான்றை வலுவானதாகவே மதிப்பிட்டது. விந்தணு தொடர்பாகவும் ஒரு கேள்வி திறந்திருக்கிறது: சுவிற்சர்லாந்தில் 2886 இளைஞரை ஆராய்ந்து 2023 இல் வெளிவந்த ஆய்வு, நாளில் 20 தடவைக்கு மேல் போனைப் பயன்படுத்துவோரிடம் விந்தணுச் செறிவு குறைந்திருக்கக் கண்டது. போனைக் காற்சட்டைப் பையில் வைப்பதற்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை என்பதால், காரணம் அலைதானா அல்லது போனோடு சேர்ந்துவரும் வாழ்க்கைமுறையா என்பது தீரவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நான் எடுக்கும் முடிவு: மனிதரில் தீங்கு நிறுவப்படவில்லை; இருந்தாலும் அது மிகச் சிறியதாகவே இருக்க முடியும்; ஆனால் குறைப்பதற்கு ஆகும் செலவு ஏறத்தாழப் பூச்சியம் என்பதால் குறைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

நான்காம் படி: சிக்னலைப் பார்த்துப் பேசுங்கள்

வன்னியைப் பொறுத்தவரை இந்தப் படியே மிக முக்கியமானது. போன் எப்போதும் ஒரே வலுவில் இயங்குவதில்லை. கோபுரம் தன்னைத் தெளிவாகக் கேட்கிறதென்றால் வலுவைக் குறைத்துக்கொள்ளும். கேட்கவில்லையென்றால் உச்சத்துக்கு ஏற்றும். பழைய 2ஜி முறையில் அந்த உச்சம் கணநேரத் துடிப்புகளாக 2 வாட், சராசரியாகக் கால் வாட். 4ஜி முறையில் ஏறத்தாழ 0.2 வாட். சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் 3ஜி, 4ஜி போன்கள் இதில் நூறிலும் ஆயிரத்திலும் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். இதனால்தான் சிக்னல் கோடுகள் நிறையக் காட்டும் கிளிநொச்சி நகரில் பேசும் 10 நிமிடமும், ஒரு கோடு வந்து வந்து போகும் காட்டோரக் கிராமத்தில் பேசும் 10 நிமிடமும் உடலுக்கு ஒன்றல்ல. ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் பற்றரி விரைவாக இறங்குவதும் இதே காரணத்தால்தான். பற்றரி இறங்கும் வேகத்தையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சிக்னல் இல்லாத அறைக்குள் கதவை மூடிக்கொண்டு, குரலை உயர்த்தி, போனைக் காதுக்குள் இன்னும் இறுக்கி அழுத்திப் பேசுவதே இருப்பவற்றுள் மோசமான முறை. முற்றத்துக்கு வாருங்கள். தகரக் கூரையும் கொங்கிறீற்றுச் சுவரும் அலையை மறிக்கும். முத்தையன்கட்டுப் பக்கத்து வீடொன்றில் நான் கண்டது இது: முன்விறாந்தை வளைச் சட்டத்தில் ஒரு சொப்பிங் பையைக் கட்டி, அதற்குள் போனை நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கீழே வாங்கில் இருந்தபடி தாயார் நெல் புடைத்துக்கொண்டே மகனோடு பேசினார். அந்த ஓரிடத்தில்தான் சிக்னல் இரண்டு கோடு வரும் என்பதே அவர் சொன்ன காரணம். கதிர்ப்பைக் குறைப்பதற்கு எந்த நிபுணரும் இதைவிட நல்ல ஏற்பாட்டைச் சொல்லித்தர முடியாது, ஏனெனில் அங்கே போன் நல்ல சிக்னலிலும் இருக்கிறது, தலையிலிருந்து நான்கு அடி தூரத்திலும் இருக்கிறது.

தூரத்தின் பயனைக் குறைத்து மதிக்க வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் செறிவு நாலிலொன்றாகும். காதிலிருந்து ஒரு சாண் விலக்கினாலே தலை உறிஞ்சும் அளவின் மிகப் பெரும்பகுதி அற்றுப்போகும். வயர் உள்ள இயர்போன் இதற்குப் போதும். புளூடூத் கருவியும் அலை விடுகிறது என்றாலும் அதன் வலு போனின் உச்ச வலுவில் ஒரு சிறு பங்கே.

அழைப்புத் தொடுக்கும் முதற்சில விநாடிகளில், இணைப்புக் கிடைக்கும்வரை போன் கூடுதல் வலுவில் தேடும் என்பதால், மறுமுனையில் எடுத்த பின்னர் காதில் வைக்கலாம். ஓடும் பேருந்திலும் இதே நிலைதான்: நெடுங்கேணி கடந்து ஒட்டுசுட்டான் காட்டுக்குள் செல்லும்போது, உலோக உடல் அலையை மறிக்க, கோபுரமும் மாறிக்கொண்டிருக்க, போன் ஓய்வின்றி உச்சத்தில் உழைக்கிறது. அவசரமில்லாத பேச்சை இறங்கிய பின் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குறுந்தகவல் அனுப்புங்கள்.

வீட்டில் இணையத்துக்காக 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை யன்னலோரமாக உயரத்தில் வைத்து, போனை வைஃபையில் இணைத்து, அதன்வழி வாட்ஸ்அப்பில் பேசினால், தொலைதூரக் கோபுரத்தோடு போராடும் வேலை ரவுட்டருக்குப் போய்விடும். உங்கள் கையிலுள்ள போன் பத்தடி தூரத்திலுள்ள ரவுட்டரோடு மட்டும் மெதுவாகப் பேசும். ரவுட்டரின் வைஃபை அலையை நினைத்து அஞ்சி இரவில் அதை அணைப்பவர்கள் அணைக்கட்டும், மின்சாரமாவது மிஞ்சும்.

கடைகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் வரும் "கதிர்ப்புத் தடுப்பு" ஸ்ரிக்கர்களுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். அவை உண்மையில் எதையும் தடுக்காவிட்டால் பயனில்லை. தடுத்தால் போன் அதை ஈடுசெய்யத் தன் வலுவை ஏற்றும்.

ஐந்தாம் படி: கோபுரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

2019 இல் யாழ்ப்பாண நகரில் ஸ்மார்ட் மின்கம்பங்கள் நடப்பட்டபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்ற அச்சத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதன் அதிர்வு வன்னிக்கும் வந்தது. இன்றும் கோபுரம் என்றால் அந்தக் கதைதான் முதலில் எடுக்கப்படுகிறது. அச்சத்தைத் தீர்க்க ஒரு சிறு கணக்குப் போதும்.

ஒரு கோபுர அன்ரெனா 20 வாட் செலுத்துகிறது, அதை ஒரு திசையில் குவிப்பதால் அந்தத் திசையில் 1000 வாட் செலுத்துவதற்குச் சமமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றர் தூரத்தில், அலைக்கற்றைக்கு நேர் நடுவே நிற்பவர்மீது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.008 வாட் படும். 900 மெகாஹேர்ட்ஸ் அலைக்குச் சர்வதேச எல்லை 4.5 வாட். எனவே அவர் பெறுவது எல்லையின் 500 இல் ஒரு பங்கிலும் குறைவு. அதே கோபுரத்தில் அப்படிப் பத்து அன்ரெனாக்கள் ஒரே திசையில் முழு வலுவோடு இயங்கினாலும் 50 இல் ஒரு பங்கைத் தாண்டாது. இந்தியா 2012 இல் இந்த எல்லையையே பத்திலொன்றாகக் குறைத்தது; அந்தக் கடுமையான எல்லைக்குள்ளும் இது அடங்கும். 0.008 வாட் என்பது உடலில் கிலோகிராமுக்கு 0.00014 வாட் அளவில் உறிஞ்சப்படும். காதோடு ஒட்டிய போன் உச்சத்தில் தலையின் ஒரு சிறு பகுதிக்குத் தருவது 1 வாட் அளவில். ஒன்று முழு உடலின் சராசரி, மற்றது ஓரிடத்து அளவு என்பதால் நேருக்குநேர் வகுத்துவிட முடியாது. ஆயினும் எது பெரியது என்பதில் ஐயமில்லை.

கோபுரத்தின் அடியில் குடியிருப்பவர்களே கூடுதலாகப் பயப்படுகிறார்கள். டோர்ச்சை நெஞ்சுயரத்தில் கிடையாகப் பிடித்தால் காலடி இருட்டாக இருப்பதுபோல, அன்ரெனாவின் கற்றையும் தொடுவானத்தை நோக்கிச் சில பாகை சரிவோடு செல்கிறது. அடியில் படுவது மிகக் குறைவு. ஊருக்குள் கோபுரம் வேண்டாம் என்று மனுக் கொடுத்து அதை ஐந்து கிலோமீற்றர் தள்ளி அனுப்பினால், ஊரிலுள்ள அத்தனை போன்களும் உச்ச வலுவில் காதோடு இயங்கத் தொடங்கும். பாம்பு கடித்த இரவில் 1990 அம்புலன்சை அழைக்கக் கோடு இல்லாமல் போவதும் அதனோடு சேர்ந்த இழப்பு.

இதன் பொருள், கோபுரம் அமைப்பவர் எதைச் செய்தாலும் கேட்கக் கூடாது என்பதல்ல. மின்பிறப்பாக்கியின் இரைச்சலும் புகையும், ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலுக்கு ஏற்ற புவித்தொடுப்பு, அத்திவாரத்தின் உறுதி, வயல் வரம்போடு ஒட்டிக் காணி பிடித்தல் ஆகியவையெல்லாம் நியாயமான முறைப்பாடுகள். கதிர்ப்பை விட்டு இவற்றைக் கேட்டால் பதிலும் விரைவாக வரும். அலையின் அளவையும் அறிய விரும்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே எழுதலாம். அனுமதி வழங்கிய திகதி, அன்ரெனாக்களின் எண்ணிக்கை, அவற்றின் மீடிறனும் வலுவும், அவ்விடத்தில் அளவீடு செய்யப்பட்டிருந்தால் அதன் அறிக்கை என இந்த நான்கையும் தெளிவாகக் கேளுங்கள். தகவல் வழங்குவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஆறாம் படி: கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது, மூளை வளர்ந்துகொண்டிருப்பது, அவர்கள் போனோடு வாழப்போகும் ஆண்டுகளும் அதிகம் என்பதால், காதில் வைத்து நீண்ட நேரம் பேசவிடாமல் இருப்பது அறிவுடைமை. கர்ப்பிணித் தாய்மார் தனியாக அஞ்சுவதற்குச் சான்று இல்லை. போனை வயிற்றின்மேல் வைத்துக் காணொளி பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் போனைச் சட்டையின் இடப்பையில் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் விலக்கி, மறுபக்கக் காதில் பேச வேண்டும்.

வேறெங்கும் அதிகம் கேட்கப்படாத, வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: தலையிலோ கழுத்திலோ போரில் வெடித்த ஷெல்லின் துண்டு அகற்றப்படாமல் இருப்பவர்கள் போன் பேசலாமா? இழையத்தினுள் இருக்கும் உலோகம் தன்னைச் சுற்றி அலையின் பரம்பலை ஓரளவு மாற்றக்கூடும் என்பது உண்மை. ஆனால் போனின் வலு அவ்வளவு சிறியது என்பதால் அதை நினைத்துப் பேச்சையே விட வேண்டியதில்லை. துண்டு இல்லாத பக்கத்திலோ ஸ்பீக்கரிலோ பேசினால் அந்தச் சிறு ஐயமும் நீங்கும். அவர்கள் உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் எம்ஆர்ஐ அறை. அங்குள்ள காந்தம் இரும்புச் செறிவுள்ள துண்டை அசைத்துவிடலாம், குறிப்பாகக் கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் அருகில் இருந்தால் அது பேராபத்து. காயம் ஆறி ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் சொல்ல மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வேறு நோய்க்காகப் படமெடுக்கச் சென்றாலும், உடலில் எங்கே துண்டு இருக்கிறது என்பதை வைத்தியரிடமும் படமெடுப்பவரிடமும் முதலில் சொல்லுங்கள். பழைய எக்ஸ்கதிர்ப் படம் கையில் இருந்தால் கொண்டுசெல்லுங்கள். ஷெல் அதிர்ச்சியால் கேட்கும் திறன் குறைந்து, அதனாலேயே போனைக் காதில் இறுக்கி வைப்பவர்களுக்கும் ஸ்பீக்கரே பொருத்தம்.

ஏழாம் படி: நிறுவப்பட்ட தீங்குகளை முதலில் தடுங்கள்

வண்டி ஓட்டிக்கொண்டு போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் சிதறுவது பெரிதாகக் குறைவதில்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஹெல்மெற்றுக்கும் கன்னத்துக்கும் இடையே போனைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞருக்கு, அந்தப் போனின் அலையைவிட மாலை மங்கலில் வீதியைக் கடக்கும் மாடு ஆயிரம் மடங்கு ஆபத்து. தூக்கமும் அப்படியே. தலையணையின் கீழ் அழைப்பின்றிக் கிடக்கும் போன் இடையிடையே மட்டும் கோபுரத்துக்குத் தன் இருப்பை அறிவிக்கிறது. தூக்கத்தைக் கெடுப்பது அதன் திரையும் அதில் ஓடும் காணொளிகளும். இரவில் அதை அடுத்த அறையில் வைப்பது இரண்டுக்கும் மருந்து.

போனுக்கு அருகில் இருந்தாலே தலையிடி, எரிவு, மயக்கம் வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையானதே. ஆனால் அலை இருக்கிறதா இல்லையா என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில், அவர்களால் இரண்டையும் வேறுபடுத்த முடியவில்லை. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்: கண்பார்வை, குருதியமுக்கம், நீர் போதாமை, தூக்கமின்மை, போர் விட்டுச்சென்ற மனவடு ஆகியவை நம் பகுதியில் தலையிடிக்குப் பொதுவான காரணங்கள், இவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

அதேவேளை, காலையில் எழும்போதே வாந்தியோடு வரும் தலையிடி, முன்னர் இல்லாத வலிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிதல், ஒரு கையோ காலோ மெல்ல வலுவிழத்தல், ஒரு காதில் மட்டும் இரைச்சலோடு கேட்கும் திறன் குறைந்துகொண்டே போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், போனை மாற்றிப் பார்ப்போம், கோபுரத்தைக் கழற்றச் சொல்வோம் என்று மாதங்களைக் கடத்தாமல், அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்லி, மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புமாறு கேளுங்கள்.